பலகையில் ‘தகவல் நிலையம்’ என்று மட்டும்தான் இருக்கும், தாண்டிப் போய்விடாதீர்கள்

செட்டிகுளம் பக்கத்திலிருக்கிற இந்தச் சரித்திரக் கண்காட்சி மண்டபத்தைத் தேடி வந்ததாக இதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. மன்னார் வீதியால் போகும்போது கண்ணில் பட்டு நிற்கிறவர்கள்தான். அதிலும் பாதிப் பேர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான் இறங்குகிறார்கள். பிழை அவர்களுடையதல்ல. பலகையின் மேல்வரியில் நீல எழுத்தில் இருந்த ‘பழைய நடைபாதை’ கச்சான் காற்றுக்கும் வெயிலுக்கும் உரிந்து உதிர்ந்துவிட்டது. ‘தகவல் நிலையம்’ என்ற கீழ்வரிதான் மிச்சம். நானும் முதல் தடவை கிராம சேவையாளரின் கந்தோர் என்று நினைத்துத் தாண்டிப் போனவன்தான்.

வவுனியாவில் ஹயஸ் வேன் ஓடுகிறேன். பதினான்கு வருடம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கட்டுநாயக்காவில் ஏற்றினால் நல்லூர், மடு, திருக்கேதீஸ்வரம், பிறகு திரும்பவும் கட்டுநாயக்கா. ஒரு இடம் நல்லதா கூடாதா என்று சாரதி முதலில் பார்ப்பது வேனுக்கு நிழல் இருக்கிறதா என்றுதான். இங்கே நிழல் தாராளம், பெரிய மருதமரம் நிற்கிறது. அதைப்பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எந்த நடைபாதை என்று கேட்பீர்கள். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வந்த பாதை. 1820களில் கண்டிப் பக்கம் தொடங்கிய கோப்பி, அடுத்த இருபது வருடத்துக்குள் மலை முழுக்கப் பரவியபோது, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் என்று பல பக்கத்திலிருந்தும் கங்காணிமார் ஆள் கூட்டி வந்தார்கள். தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம் கரைகளில் தோணி ஏறுவது. தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு என்று எங்கே தோணி ஒதுங்குகிறதோ அங்கே இறங்குவது. பிறகு நடை. மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. ஏறக்குறைய 150 மைல். 1914இல் தனுஷ்கோடிக் கப்பலும் தலைமன்னார் ரயிலும் வந்த பிறகு இந்தப் பாதையில் நடந்து போக எவருக்கும் தேவை இருக்கவில்லை. அதற்கும் முந்தியே, நோய் பரவும் என்று இந்த வழியை மூடி, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஆட்களைத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

இவ்வளவும் எனக்கு அங்கே போன பிறகு தெரிந்தது. எங்கள் வீட்டில் ‘மன்னாரால நடந்து வந்தாங்க’ என்ற ஒரு வரி மட்டும்தான் இருந்தது. அந்த வரியைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

கட்டடம் முன்னொரு காலத்தில் நெல் களஞ்சியம். நீளமான மண்டபம், உயரத்தில் சின்னச் சின்ன யன்னல்கள், தகரக் கூரை. உள்நாட்டு ஆட்களுக்கு 100 ரூபா, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசம். ரிக்கெட் தருகிற தங்கச்சிதான் விளக்கமும் சொல்கிறாள், அவளேதான் கூட்டியும் விடுகிறாள். ஏ.எல். முடித்து ஒரு வருடமாம். சொல்வதை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கிற பிள்ளை அல்ல. கேள்வி கேட்டால் நின்று யோசித்துப் பதில் சொல்வாள். தெரியாவிட்டால் கொப்பியில் எழுதி வைப்பாள். இந்த நிலையத்தில் நான் கண்ட பெரிய சொத்து அவள்தான்.

அடுத்த சொத்து தரை. கதவிலிருந்து பின்சுவர் வரை அறுபது அடிக்குச் சிமெந்துத் தரையிலேயே பாதையை வரைந்திருக்கிறார்கள். ஒரு அடி இரண்டரை மைல் என்று கணக்கு. கதவு தலைமன்னார், பின்சுவர் மாத்தளை. குளங்கள் நீலம், கிணறுகள் சின்ன வட்டம். கட்டுக்கரைக்குளத்தைப் பெரிதாக, அழகாகப் போட்டிருக்கிறார்கள். முருங்கன், மடு வீதி, செட்டிகுளம் என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் வரிசையாக வருகின்றன. கோட்டுக்குப் பக்கத்தில் கறுப்பு மையில் காலடித் தடங்கள், வெறுங்கால், ஐந்து விரலும் தெரிய.

தரையில் நடந்து பார்த்தால்தான் ஒன்று விளங்கும். தலைமன்னாரிலிருந்து மதவாச்சி 114 கிலோமீற்றர், எங்களுக்கு மனப்பாடமான கணக்கு. மைலாக்கினால் 71. அதாவது அறுபது அடியில் இருபத்தெட்டு அடி மதவாச்சிக்கு முந்தியே முடிந்துவிடுகிறது. கிட்டத்தட்டப் பாதிப் பாதை மன்னாரும் வன்னியும்தான், தண்ணியில்லாத பாதி. மலைநாட்டுச் சரித்திரம் என்றால் எல்லோரும் மலையைத்தான் படம் போடுகிறார்கள். குளிர், பனி, பச்சை. நடந்தவனுக்கு முதலில் வந்தது கானல். முருங்கன் தாண்டினால் இன்றைக்கும் ஆவணி மாதத்து மத்தியானத்தில் ஏசி போட்டும் வேனுக்குள் இருக்க ஏலாது. குளம் வற்றிய மாதத்தில் அந்தச் சின்ன வட்டக் கிணறுகளுக்கு இடையில் எத்தனை அடி என்று என் செருப்பால் அளந்து பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் முதலில் கூட்டிப்போனது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குடும்பம். அண்ணையும் அக்காவும் யாழ்ப்பாணத்து ஆட்கள், பன்னிரண்டு வயது மகன். மடுவுக்குப் போகிற வழி. மகன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொன்னதால்தான் நிறுத்தினேன், சரித்திர ஆர்வத்தால் அல்ல. ஆனால் உள்ளே போன பொடியன் தரையைக் கண்டதும் வெளியே வர மாட்டேன் என்றுவிட்டான். போன வருடம் வயோமிங் மாநிலத்தில் காஸ்பர் என்ற ஊரில் இதேமாதிரி ஒரு நிலையத்துக்குப் போனானாம். ஒரிகன், கலிபோர்னியா, மோர்மன், குதிரைத் தபால் என்று நாலு பழைய பாதைகள் அந்த ஊரால் போகின்றனவாம். 2002இல் திறந்த பெரிய கட்டடம். மாட்டுவண்டிமாதிரி துணிக்கூரை போட்ட ஒரு வண்டிலில் ஏறி இருந்தால் அது குலுங்கும், முன்னால் திரையில் ஆறு வரும், பிளாட் ஆற்றைக் கடக்கிறமாதிரி இருக்கும்.

“இங்க வண்டில் எங்க?” என்று கேட்டான்.

“இங்க வண்டில் இல்லை தம்பி. நடைதான்” என்றாள் தங்கச்சி.

“அங்கயும் கனபேர் வண்டிலுக்குப் பக்கத்தில நடந்ததுதானாம். வண்டில்ல சாமான்” என்றான் பொடியன்.

அதுக்குப் பிறகு தகப்பனும் மகனும் சுவரிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்து, போனில் பார்த்துப் பார்த்து ஒப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு மடுவில் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்த நேரம் போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரிகன் பாதை 2,000 மைலுக்கு மேல். நடந்த காலம் 1840களிலிருந்து 1869 வரை, அந்த வருடம் கிழக்கையும் மேற்கையும் இணைத்து ரயில் வந்தது. அதே 1869இல்தான் இலங்கைக் கோப்பியில் இலைநோய் விழுந்தது. இரண்டு பாதையிலும் ஆட்களைக் கூடுதலாகத் தின்றது ஒரே நோய், வாந்திபேதி. அதுவும் அதே வருடங்களில். அங்கே வண்டில் கூட்டம் தங்கின ஆற்றங்கரைத் தண்ணியால், இங்கே குளத்துத் தண்ணியால். ஆனால் 1850இல் அமெரிக்க அரசாங்கம் போட்ட சட்டப்படி ஒரிகனுக்குப் போய்ச் சேர்ந்த வெள்ளைக்காரன் ஒருவனுக்கு 320 ஏக்கர் வரை இனாம். அது முன்னமே அங்கே இருந்த பூர்வீக மக்களின் நிலம், அது வேறு கதை. எங்கள் ஆள் மாத்தளைக்குப் போய்ச் சேரும்போது கையில் இருந்தது கடன்.

கடன் பற்றிய மேசை இந்த மண்டபத்தில் சரியாகச் செய்த ஒன்று. கண்ணாடிக்குக் கீழே ஒரு கங்காணியின் கணக்குக் கொப்பிப் பக்கத்தை மாதிரிக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரில் கொடுத்த முற்பணம், தோணிக் கூலி, வழியில் அரிசி, கருவாடு, மிளகாய், ஒரு கம்பளி. எல்லாம் அவன் பேரில் பற்று. தோட்டத்தில் கால் வைக்கும் நாளிலேயே பல மாதச் சம்பளம் முடிந்தது. வேனுக்கு லீசிங் கட்டுகிறவனுக்கு இதை விளக்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் லீசிங்காரன் பறித்துக்கொண்டு போவது வேனை. அங்கே ஆளே அடமானம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறவேண்டுமென்றால் இவ்வளவு கடன், கட்டினால் விடுகிறோம் என்று துரை எழுதித் தருகிற ‘துண்டு’ வேண்டும். இந்தத் துண்டு முறை 1921வரை இருந்திருக்கிறது. பக்கத்தில் இலக்கம் அடித்த வட்டத் தகரம் ஒன்று, நூல் கோர்த்து. 1901இல் கொண்டுவந்த தகரத் துண்டு. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தால் எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று வழியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பார்சல்மாதிரி. அசலல்ல, மாதிரிதான். மாதிரி என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். நேர்மை.

அந்த நேர்மை சாவுக் கணக்கிலும் இருக்கிறது. 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை, 1841இலிருந்து வந்தவர்களில் 70,000 பேர், அதாவது நாலில் ஒரு பங்கு, செத்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. சுவர் அட்டையில் அந்த எண்ணைப் போட்டுவிட்டு, இது பத்திரிகையின் மதிப்பீடு, எண்ணிப் பார்த்த கணக்கல்ல என்று அடுத்த வரியிலேயே போட்டிருக்கிறார்கள். மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது வரியை விழுங்கிவிடுவது வழக்கம்.

இனிக் குறைகள்.

முதலாவது யானை. மூலையில் ஒரு இருட்டு அறை செய்து, காட்டுச் சத்தம் போடுகிறார்கள். சில்வண்டு, மயில், ஆந்தை, எல்லாம் சரி. மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் யானை பிளிறுகிறது. பிளிறுகிற யானைக்கு இங்கே யார் பயப்படுகிறார்கள்? சத்தமே இல்லாமல் வந்து நிற்கிற யானைக்குத்தான் பயம். விடியப்புறம் ஹயர் போகிறபோது லைற் வெளிச்சத்தில் ரோட்டுக்குக் குறுக்கே சாம்பல் சுவர்போல நிற்கும், ஒரு இலை அசையாது. அறைக்குள் இருந்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தச் சத்தத்தை நிற்பாட்டி அறையை இருட்டாகவே விட்டால் போதும்.

இரண்டாவது, தலைப்பு. தமிழ் அட்டையில் ‘முன்னோடிகளின் பாதை’ என்று போட்டிருக்கிறது. முன்னோடி என்றால் முன்னே ஓடுகிறவன். இவர்கள் கங்காணிக்குப் பின்னால் நடந்தவர்கள். இங்கிலிஷ் அட்டையில் இருந்த சொல்லை அப்படியே இறக்கியதால் வந்த வினை என்று அமெரிக்கா அண்ணை சொன்னார். காஸ்பரில் அந்தச் சொல் பொருந்தும், செட்டிகுளம் பக்கத்தில் பொருந்தாது.

மூன்றாவது குறையை நான் கண்டுபிடிக்கவில்லை. அம்மா கண்டுபிடித்தா.

அம்மாவைப் பிறகு ஒருநாள் தனியாகக் கூட்டிப்போனேன். எழுபத்தைந்து வயது. மாத்தளைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் பிறந்து, 1977 ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு மூன்று பிள்ளைகளோடு லொறியில் வவுனியாவுக்கு வந்தவ. மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு, அப்படி வந்தவர்களை வவுனியாப் பக்கக் காடுகளில் குடியேற்றிய காலம் அது. நான் அதற்குப் பிறகு இங்கே பிறந்தவன். என் பேச்சில் வடக்குப் பக்கத்து ‘எண்டு’ வரும், அம்மாவின் பேச்சில் இன்றைக்கும் வராது.

வாசலிலேயே தங்கச்சி கேட்டாள், “அம்மா எந்த ஊர்?”

“வவுனியாதான்” என்றேன் நான் முந்திக்கொண்டு.

“அது தெரியும் அண்ணா. முந்தி?”

இந்தக் கேள்வியை வேறு யாராவது கேட்டால் எனக்கு ஏறும். பள்ளிக்கூடக் காலத்தில் இதற்குப் பின்னால் மலைநாட்டு ஆட்களை இளக்காரமாகச் சொல்கிற ஒரு சொல் வரும், கேட்டவர்களுக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. ஆனால் அவள் கேட்ட விதம் வேறு. “எங்கட அம்மம்மாவும் நாவலப்பிட்டியால வந்தவா, அதுதான் கேட்டனான்” என்றாள்.

அம்மா நேரே போனது கண்ணாடிப் பெட்டிகளுக்கு அல்ல, நடுவில் நிற்கிற உருவங்களுக்கு. சீமெந்தில் ஆளளவுக்கு ஒரு குடும்பம் செய்து வைத்திருக்கிறார்கள். முன்னால் தலைப்பாகை கட்டிய ஆண், பின்னால் இடுப்பில் பிள்ளையோடு பெண். பெண்ணின் முதுகில் கூடை, நெற்றியில் கயிறு. கீழே ‘1840’ என்று எழுதியிருக்கிறது. அம்மா கூடையின் விளிம்பைத் தடவிப் பார்த்தா. கயிறு கட்டிய இடத்தை இழுத்துப் பார்த்தா.

“இது கொழுந்துக் கூடையில்ல? காப்பிக்குப் போறவளுக்கு இத யாருடா மாட்டிவிட்டது?”

தங்கச்சி என்னைப் பார்த்தாள், நான் சுவர் அட்டையைப் பார்த்தேன். அட்டையிலேயே இருக்கிறது, ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867, கோப்பி அழிந்த பிறகுதான் தேயிலை பரவியது என்று. 1840இல் கொழுந்துக் கூடைக்கு வேலையே இல்லை. வேறொன்றும் அதே சுவரில் இருக்கிறது. ஆரம்பத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், கோப்பிப் பழம் பறிக்கிற மாதங்களுக்கு வந்து, முடிந்ததும் மிச்சக் காசை முடிந்துகொண்டு அதே பாதையால் ஊருக்குத் திரும்பினவர்கள். குடும்பம் குடும்பமாக வந்து தங்கியது கூடுதலாகத் தேயிலைக் காலம். அட்டை எழுதியவருக்கும் சிலை செய்தவருக்கும் பேச்சுவார்த்தை இல்லைப்போலிருக்கிறது. தங்கச்சி கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

நேர்த்தி என்று பார்த்தால், கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில் இருக்கிற தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இதைவிடப் பல படி மேல். அங்கே தொழிலாளர் குடியிருந்த லயன் காம்பராவே காட்சி. உரல், அம்மி, கவ்வாத்துக் கத்தி எல்லாம் பாவித்த சாமான்கள். தேயிலைக் காலத்தைப் பார்க்கவேண்டுமென்றால் அங்கே போங்கள். இங்கே சாமான் குறைவு, பாதைதான் இருக்கிறது.

அம்மாவுக்குக் கால் வலி. முழு மண்டபத்திலும் ஒரே ஒரு வாங்கு, அதுவும் பின்சுவரோடு, மாத்தளையில். (இன்னும் இரண்டு கதிரை வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டேன். காசு கிடைத்ததும் போடுவார்களாம்.) அம்மா போய் அதில் இருந்தா. மேலே ஓடுகிற காற்றாடி மூன்றில் ஒன்றுதான் வேலை, நல்லவேளை அது அந்தப் பக்கம். பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழும்பி, தரையில் இருந்த கோட்டில், தம்புள்ளைப் பக்கமாகத் திரும்பி நடக்கத் தொடங்கினா.

“அம்மா, மற்றப் பக்கத்தால துவங்கோணும். காலடி இருக்குதெல்லோ, அது பாத்து” என்றாள் தங்கச்சி.

“நாங்க இப்பிடித்தாம்மா வந்தோம்” என்று அம்மா நிற்காமலே சொன்னா.

அப்போதுதான் நான் தரையை ஒழுங்காகப் பார்த்தேன். அறுபது அடியிலும் ஒரு காலடிகூட வடக்கே பார்க்கவில்லை. எல்லா விரலும் மாத்தளைப் பக்கம். கோப்பிக் காலத்தில் வருடாவருடம் திரும்பிப் போனவனுக்கே தடம் இல்லை.

அம்மா மதவாச்சியில் நின்றா. அங்கிருந்து வவுனியாவுக்கு ஒரு கோடு இருக்கும் என்று தேடியிருக்கிறா. இல்லை. வரைபடத்தில் வவுனியாவே இல்லை, நடைபாதை அந்த வழியால் போகாததால் விட்டுவிட்டார்கள். பிறகு மன்னார்ப் பக்கம் கொஞ்சம் நடந்து, மடு வீதி என்று எழுதிய இடத்தில் நின்று, “எங்க அண்ணேயும் இந்த வழியாத்தான்டா போச்சு” என்றா. மாமாவின் கதை எனக்குத் தெரியும், ஆனால் அந்த ரயில் இந்த வழியால் போனது என்று நான் ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை. 1948இல் தோட்டத்து ஆட்களின் பிரசாவுரிமை போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களைப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்கள் கோச்சியில் ஏறி, மதவாச்சியால் திரும்பி, செட்டிகுளம், மடு வீதி, முருங்கன் என்று தலைமன்னாருக்கு வந்து, கப்பலில் ராமேஸ்வரம். மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஸ்டேசனில் ஒப்பாரி வைத்து அழுததும், கோச்சி வெளிக்கிட்ட பிறகும் ஆட்கள் தண்டவாளத்தில் நின்றதும் அம்மாவுக்கு ஞாபகம். கடிதம் நாலு வந்தது, பிறகு இல்லை.

தங்கச்சி கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் மண்டபத்தைத் திரும்பவும் ஒருதரம் சுற்றினேன். 1948 ஒரு அட்டையில் ஒரு வரி. 1964 இன்னொரு வரி. 1958, 1977, 1983 என்று கலவரத்துக்குக் கலவரம் மலையிலிருந்து வடக்கே வந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் காடு வெட்டினவர்களைப் பற்றி ஒன்றுமில்லை. 2009இல் போர் முடிந்தபோது இதே செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் லட்சக்கணக்கில் கம்பிக்குள் இருந்தவர்களில் அந்தக் குடும்பங்களும் எத்தனையோ. இந்த நிலையத்தைத் தொடங்கியவர்கள், தரை வரைந்த பொடியன், தேத்தண்ணிக் கடை அக்கா, ரிக்கெட் தருகிற தங்கச்சி, விசாரித்தால் பாதிக்கு மேல் அப்படி வந்த வீட்டுப் பிள்ளைகள். தங்கள் கொள்ளுப்பாட்டன் போன வழியை அறுபது அடிக்கு வரைந்தவர்கள் தங்கள் தாய் வந்த வழிக்கு ஒரு அடிகூட வைக்கவில்லை. அரசியல் பிரச்சினை வரும் என்று பயமா என்று கேட்டேன். “அதுவும் இருக்கும். ஆனா அது பழசில்லையே அண்ணா, அதைப் பாக்க ஆர் காசு குடுத்து வரப்போகினம் எண்டு நினைச்சிருப்பினம்” என்றாள்.

2023இல் மலைநாட்டுத் தமிழர் வந்த 200 வருட நினைவுக்கு தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதன் படங்கள் வாசல் சுவரில் ஒட்டியிருக்கின்றன. யூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்த நடை. பார்க்க நல்ல படங்கள், ஆனால் விளக்கம் எழுதவில்லை, வந்த ஒருவர் தேர்தல் ஊர்வலமோ என்று கேட்டாராம்.

மலசலகூடம் பின்னால், தனித்தனியாக இரண்டு. சுத்தம். குழாயில் தண்ணி வராது, வாளியில் அள்ளிக்கொண்டு போக வேண்டும். வயதானவர்களுக்கு அந்த மூன்று படி கஷ்டம், கைபிடி இல்லை. இது எந்தச் சரித்திரத்தையும்விட முதலில் செய்யவேண்டிய வேலை.

தேத்தண்ணிக் கடை பக்கத்தில் ஓலைக்கொட்டில். அக்கா ஒருத்தி. பிளேன்ரீயும் சீனியும் வேறுவேறாகத் தருவா, கூட ஒரு துண்டு இஞ்சி. உழுந்து வடை பதினொரு மணிக்கு முன்பே முடிந்துவிடும். கடலையும் ரொட்டியும் இருக்கும். ரொட்டி தடிப்பாக, தேங்காய்ப்பூ நிறையப் போட்டு, கட்டைச் சம்பலோடு. அம்மா ஒரு வாய் கடித்துவிட்டு, “தோட்டத்து ரொட்டி” என்றா. அக்கா திரும்பிப் பார்த்து, “எந்தத் தோட்டம்மா?” என்றா. அதுக்குப் பிறகு நான் முக்கால் மணித்தியாலம் வேனுக்குள் படுத்திருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிக்கவில்லை. பில்லில் ரொட்டிக்குக் காசு போடவில்லை, கேட்டால் சண்டைக்கு வந்தா.

மொத்தத்தில் நான் ஐந்துக்கு மூன்றரை போடுவேன். தரைக்கும் கடன் மேசைக்கும் முழுப்புள்ளி. யானைக்கும் கொழுந்துக் கூடைக்கும் வெட்டு. ரொட்டிக்கு வேண்டுமானால் அரைப்புள்ளி கூட்டுங்கள். மடுவுக்கோ மன்னாருக்கோ போகிறவர்கள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். பிள்ளைகளைத் தரையில் நடக்க விடுங்கள், அட்டை வாசிக்கச் சொல்லிக் கரைச்சல் கொடுக்காதீர்கள். திங்கள் பூட்டு. மற்ற நாள்களில் 9 மணியிலிருந்து 4 மணி வரை, ஆனால் மடுத் திருவிழா நாள்களில் தங்கச்சியும் திருவிழாவுக்குப் போய்விடுவாள், நம்பிப் போகாதீர்கள். வவுனியாவிலிருந்து பறையனாலங்குளம் வீதியால் போனால் முக்கால் மணித்தியாலம் பிடிக்காது.

மருதமரத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. நிழல் நல்ல நிழல்தான். ஆனால் மேலே குரங்குக் கூட்டம் ஒன்று குடியிருக்கிறது. முதல்நாள் என் வேனின் வைப்பர் றப்பர் இரண்டையும் உரித்துக்கொண்டு போனது. இப்போது கொஞ்சம் தள்ளி வெயிலில்தான் விடுகிறேன்.